படம் எங்கே ஓடுகிறது என்று ஒரு வரி

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இட்டு விற்கிற வீடு எங்களுடையது. எனக்கு வயது 61. என்னோடு ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். உங்கள் பத்திரிகை காலை ஆறரை மணிக்குத் திண்ணையில் விழும். மற்ற நாள்களில் அதை நான் மட்டும்தான் படிப்பேன். வெள்ளிக்கிழமை சினிமாப் பக்கத்தை மட்டும் ஒருத்தி உரக்கப் படிக்க, மற்றவர்கள் பலகையிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்பார்கள். அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஒரு படத்துக்கு இரண்டே முக்கால் நட்சத்திரம் என்று போடுகிறீர்கள். அந்த முக்காலை எந்தத் தராசில் நிறுத்தீர்களோ, தெரியவில்லை. அது உங்கள் பாடு. கதை, நடிப்பு, ஒளிப்பதிவு, இரண்டாம் பாதியில் தொய்வு என்று அரைப் பக்கம் எழுதுகிறீர்களே, அந்தப் படம் நெல்லையில் எந்தத் தியேட்டரில் எத்தனை மணிக்கு ஓடுகிறது என்று ஒரு வரி உண்டா? அம்பாசமுத்திரத்துக்கு வந்ததா, தென்காசிக்கு வந்ததா, வரவே இல்லையா? இதைத் தெரிந்துகொள்ள வழியில்லாமல் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

2024 ஆகஸ்ட் 23ஆம் தேதி ஒரே நாளில் இரண்டு படங்கள் வெளியாயின. ஒன்று ‘வாழை’, இன்னொன்று ‘கொட்டுக்காளி’. வாழைக்கு ஊரே போனது. நம் பக்கத்துக் கதை, போகாமல் இருப்பார்களா? எனக்கு மற்றதைப் பார்க்க ஆசை. பிடிவாதக்காரியைக் கொட்டுக்காளி என்று சொல்வது உண்டு. என் மாமியாரிடம் நான் வாங்கிய பெயர்களில் அதுவும் ஒன்று. சரி, நம் படம் என்று நினைத்தேன். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் கல்யாண ஆர்டர். வியாழக்கிழமைதான் கை ஓய்ந்தது. மதினியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அம்பாசமுத்திரம் வரை போக மகளிருக்குக் கட்டணமில்லா டவுன் பஸ் இருக்கிறது; நெல்லைக்கு அந்தச் சலுகை கிடையாது. வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று நின்று நின்று போய் இறங்கினால், தியேட்டர் வாசலில் வேறு படத்தின் பேனர். கேட்டதற்கு, “அது ராத்திரிக் காட்சி மட்டும்தான் அம்மா, அதுவும் இன்றோடு சரி” என்றார் டிக்கெட் கொடுக்கிறவர். ராத்திரி ஒரு மணிக்குப் படம் விட்டால் இரண்டு பெண்கள் எந்த பஸ்ஸைப் பிடித்து ஊர் திரும்புவது? டிக்கெட்டுக்கென்று முடிந்து வைத்திருந்த பணத்தில் டவுனில் ஒரு மாவுச் சல்லடை வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தோம். இன்றைக்கும் எங்கள் வீட்டில் அதற்குக் கொட்டுக்காளிச் சல்லடை என்றுதான் பெயர். நல்ல சல்லடை, குறை சொல்லக் கூடாது.

இதற்கு நடுவில், படம் வெளியாகி மூன்று நாள்வரை இணையத்தில் விமர்சனமே வரக்கூடாது என்று தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனதையும், 2024 டிசம்பரில் நீதிமன்றம் அப்படித் தடை போட மறுத்ததையும் உங்கள் பத்திரிகையில்தான் படித்தோம். வாசித்த பெண் நிமிர்ந்து பார்த்து, “மூன்று நாள் கழித்து விமர்சனம் வந்தால் நான்காம் நாள் படம் இருக்குமா அக்கா?” என்று கேட்டாள். நீதிபதிகள் முன்னால் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டார்களா என்று தெரிந்தால் நன்றாக இருக்கும். பொரித்துத் தின்றவன் உப்புக் கூடிவிட்டது என்று சொன்னால் அப்பளக்காரி கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். முதல் அப்பளத்தை வாயில் போடுவதற்கு முன்னாலேயே மைக்கை நீட்டுகிறவனையும் எனக்குப் பிடிக்காதுதான்; அதற்காக மூன்று நாள் வாயைத் திறக்காதே என்றால் எப்படி?

டிசம்பர் மழையில் எங்களுக்கு வேலை ஓடவில்லை. தாமிரபரணியில் வெள்ளம் கரை தொட்டுப் போனது. அப்பளம் இட்டால் காயாது. காயாத அப்பளத்தைக் கட்டினால் இரண்டாம் நாள் பூத்துவிடும். உளுந்து மாவைப் பிசைந்து வைக்கவும் துணிச்சல் இல்லை. இடிக்க ஆளில்லாத உலக்கை மூலையில் நின்றது. அந்தச் சும்மா இருந்த நாள்களில்தான் எங்கள் வீட்டுக் கூடம் கொட்டகை ஆனது. சென்னையில் இருக்கும் மகன் மூன்று செயலிகளுக்குச் சந்தா கட்டுகிறான். எட்டாம் வகுப்புப் படிக்கிற பேத்தி டிவியில் அவற்றைப் போட்டுக் கொடுப்பாள்.

முதல் நாள் கொட்டுக்காளி. அமேசான் பிரைமில் அது செப்டம்பர் கடைசியிலேயே வந்துவிட்டிருக்கிறது. எங்களுக்குத் தெரியத்தான் மூன்று மாதம் ஆனது. அந்தப் படத்தில் பின்னணி இசையே கிடையாது. படம் தொடங்கிக் கால் மணி நேரத்தில் எங்கள் வீட்டு ஆச்சி, “சத்தம் போய்விட்டது, பெட்டியைத் தட்டு” என்றாள். இசை இல்லை ஆச்சி, அப்படித்தான் எடுத்திருக்கிறார்கள் என்று பேத்தி சொன்னதும், “பிறகு எப்போது அழ வேண்டும் என்று எப்படித் தெரியும்?” என்று கேட்டாளே பார்க்கலாம். உங்கள் விமர்சனத்தில் இப்படி ஒரு வரி வந்ததில்லை.

கதை பெரிதாக ஒன்றும் இல்லை. வேறு சாதிப் பையனை நினைத்துவிட்ட பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று குடும்பமே சேர்ந்து அவளை ஷேர் ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கொண்டு போகிறது. கூடவே காலைக் கட்டிய ஒரு சேவல். சூரி தொண்டை கட்டிப்போய்க் கழுத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு கரகரத்த குரலில் எல்லாரையும் விரட்டுகிறார். சுண்ணாம்பைப் பார்த்ததுமே எங்கள் பெண்கள் படத்துக்குள் போய்விட்டார்கள்; அது நம் வீட்டு வைத்தியம் அல்லவா. எங்கோ ஒலிபெருக்கியில் கேட்ட பாட்டை அந்தப் பெண் வாய்க்குள் முணுமுணுத்ததற்கு அவன் அடிக்கிற அடி இருக்கிறதே, அப்போது கூடத்தில் யாரும் பேசவில்லை. ஒருத்தி எழுந்து அடுக்களைக்குப் போனாள். அவள் ஏன் போனாள் என்று எனக்குத் தெரியும், எழுத மாட்டேன்.

வழியில் ஒரு காளை ரோட்டை மறித்துக்கொண்டு நிற்கும். ஆண்பிள்ளைகள் எல்லாரும் கிட்டே போகப் பயந்து நிற்பார்கள். எங்கிருந்தோ ஒரு சிறுமி வந்து அதைப் பேசாமல் ஓட்டிக்கொண்டு போய்விடுவாள். அன்றைக்குக் கூடம் அதிரச் சிரித்த இடம் அது ஒன்றுதான். படம் சட்டென்று முடிந்துபோனது. முடிவைச் சொல்லாமல் விட்டதில் ஆச்சிக்குக் கோபம், மதினிக்குத் திருப்தி. எனக்கு இரண்டும் இருந்தது.

மறுநாள் வாழை. அதைத் தேடிப் பிடித்த கதையைக் கேளுங்கள். டிவி ரிமோட்டில் வாயால் சொன்னாலே தேடும் என்றார்கள். “வாழை” என்று சொன்னேன். திசு வாழை நடவு வந்தது. மறுபடி சொன்னேன். வாடல் நோய்க்கு மருந்து வந்தது. “வாழைப் படம்” என்றேன். வாழைத்தண்டுப் பொரியல் வந்தது. பேத்தி வந்து வி, ஏ, ஏ, இசட், ஹெச், ஏ, ஐ என்று ஆங்கில எழுத்தில் அடித்த பிறகுதான் ஹாட்ஸ்டாரில் படம் கிடைத்தது. நம் மொழிப் படம், நம் மண்ணில் எடுத்த படம், அதன் பெயரில் இருக்கிற ழகரத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து என்பதை நான் எங்கே போய்ப் படிப்பது? (அந்த வாடல் நோய்க் காட்சியையும் முழுதாகப் பார்த்தோம். பேசியவர் நன்றாகவே பேசினார்.)

வாழையைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். பள்ளிக்கூடம் போக ஆசைப்படுகிற பையன், அவனுக்குப் பிடித்த டீச்சர், ரஜினி ரசிகனான அவனோடு மல்லுக்கட்டுகிற கமல் ரசிகக் கூட்டாளி, கடைசியில் லாரி கவிழ்வது. டீச்சர் வருகிற காட்சிகள் எனக்கு நீளம்தான். ஆனால் எங்கள் கூடத்தில் பேச்சு வேறு ஓர் இடத்தில் நின்றுவிட்டது. தார் சுமக்கிறவர்கள் கூலியைக் கூட்டிக் கேட்கிறார்கள் பாருங்கள், அந்த இடம். எங்கள் வீட்டில் அப்பளம் இடுகிறவர்களுக்கும் கணக்குக் கூலிதான். கிலோவுக்கு இவ்வளவு என்று. அந்தக் காட்சி ஓடும்போது ஆறு பேரும் டிவியைத்தான் பார்த்தார்கள். ஒருத்திகூட என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாததுதான் எனக்கு உறைத்தது. நான் எழுந்து காபி போடப் போனேன்.

வெயில் வந்து வேலை தொடங்கிய முதல் நாள். உருட்டி நீட்டிய மாவை நூலால் அறுத்து வில்லைகளாகப் போட்டுக்கொண்டிருந்தபோது, இருக்கிறவர்களில் சின்னவள், “அக்கா, அந்தப் படத்தில் ஒரு ரூபாய்க்கு எவ்வளவு சண்டை” என்று மட்டும் சொன்னாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. குழவிச் சத்தம்கூட நிற்கவில்லை. கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூட்டினேன். உளுந்து விற்கிற விலையில் என் கையைக் கடிக்கிறது. ஆனாலும் இதைவிட நல்ல விமர்சனம் அந்தப் படத்துக்கு வேறு எங்கும் வந்திருக்காது என்பது என் எண்ணம். இயக்குநர் மாரி செல்வராஜ் நம் பக்கத்துக்காரர். இந்தக் கடிதம் கண்ணில் பட்டால் சந்தோஷப்படுவார்.

முன்பெல்லாம் படம் தேட இவ்வளவு பாடில்லை. பத்திரிகையில் தியேட்டர் விளம்பரம் கட்டம் கட்டமாக இருக்கும்: நெல்லை ரத்னா, பார்வதி, பூர்ணகலா, தினசரி நான்கு காட்சிகள். உங்களைப் போன்றவர்கள்தான் அதை நிறுத்தினீர்கள், அல்லது அவர்கள் கொடுப்பதை நிறுத்தினார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியம் தூர்தர்ஷனில் மாநில மொழிப் படம். வங்காளம், அசாமி, மலையாளம் என்று முறை வைத்து வரும். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். எங்கள் தெருவில் அதைப் படிக்கத் தெரிந்தவர் போஸ்ட் மாஸ்டர் ஒருவர்தான், அவரும் தூங்கிவிடுவார். அப்படியும் விடாமல் பார்த்தோம். மறுநாள் அப்பளப் பலகை முன்னால் ஆளுக்கொரு கதை சொல்வோம். ஒரே படத்துக்கு ஐந்து கதை. எது சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கதை சொல்வதென்றால் எங்கள் தெரு அத்தை ஒருத்தியைச் சொல்ல வேண்டும். இப்போது உயிரோடு இல்லை. அம்பாசமுத்திரத்துக்கு எந்தப் படம் வந்தாலும் முதல் வாரமே போய்விடுவாள். மறுநாள் காலையில் குழவியைக் கையில் எடுத்தால் மதியத்துக்குள் முழுப் படத்தையும் சொல்லிவிடுவாள். சண்டைக் காட்சிக்குக் குழவி வேகமாக உருளும், அந்த அப்பளங்கள் ஓரம் தடித்து வரும். நட்சத்திரம் எல்லாம் அவளிடம் கிடையாது. இரண்டே தீர்ப்புத்தான். “நான் சொன்னதே போதும்” என்று சொன்னால் அந்தப் படத்துக்குக் காசு வீண். “போய்ப் பார்” என்று சொல்வது ஆண்டுக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ.

‘உதிரிப்பூக்கள்’ 1979இல் வந்தபோது எனக்கு 16 வயது. தனியாகக் கொட்டகைக்கு விட மாட்டார்கள். அத்தை சொல்லித்தான் அந்தக் கதையைக் கேட்டேன். கொடுமைக்காரக் கணவன், நோயாளி மனைவி, இரண்டு பிள்ளைகள். மனைவி செத்துப்போகிறாள். கடைசியில் ஊரே சேர்ந்து அவனை ஆற்றில் இறங்க வைக்கிறது. அதன் பிறகு தாத்தா வந்து இரண்டு பிள்ளைகளையும் ஆளுக்கொரு கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சோறு போட்டார் என்று அத்தை முடித்தாள். பல வருடம் கழித்து டிவியில் பார்க்கிறேன். பிள்ளைகள் இருவரும் ஆற்றங்கரையில் இருக்கும்போதே படம் முடிந்துவிடுகிறது. தாத்தாவும் இல்லை, சோறும் இல்லை. அத்தை எங்களுக்காகச் சமைத்துப் போட்ட சோறு அது. மகேந்திரன் அந்தப் படத்தை எடுத்தது நம் நெல்லைச் சீமைப் புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யை வைத்து என்பதும், அவர் கதையை நிறையவே மாற்றிவிட்டார் என்பதும் பின்னால் தெரிந்தது. அவர் மாற்றலாம் என்றால் எங்கள் அத்தை மாற்றக் கூடாதா?

இப்போது படம் தேட எங்களுக்கு வழி தெரிந்துவிட்டது. மற்றவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன். ஜஸ்ட்வாட்ச் என்று ஓர் இணையதளம் இருக்கிறது; படத்தின் பெயரைப் போட்டால் எந்தச் செயலியில் இருக்கிறது என்று காட்டுகிறது, இந்தியாவுக்கென்று தனியாகவே உண்டு. பெயரை ஆங்கில எழுத்தில் போடுவது நல்லது. பெயர் பிடிபடவில்லை என்றால் நடித்தவர் பெயரையோ எடுத்தவர் பெயரையோ போட வேண்டும். கொட்டுக்காளி எடுத்த வினோத்ராஜ் பெயரைப் போட்டுத்தான் அவருடைய முந்தைய படமான ‘கூழாங்கல்’லைப் பிடித்தோம். 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் புலி விருது வாங்கிய படம். வெளிநாட்டில் அதற்குப் ‘பெப்பிள்ஸ்’ என்று வேறு பெயர். சோனி லிவ்வில் பார்த்தோம். அப்பனும் மகனும் வெயிலில் நடக்கிறார்கள், நடக்கிறார்கள், நடந்துகொண்டே இருக்கிறார்கள். மழையில் அப்பளம் காயாமல் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அந்த வெயிலைப் பார்த்துப் பொறாமை. இன்னொன்று: ஒரு செயலியில் இன்று இருக்கிற படம் ஒப்பந்தம் முடிந்தால் அங்கே இருக்காது. பிறகு பார்க்கலாம் என்று வைக்காதீர்கள்.

பழைய படங்களுக்கு யூடியூப்தான் கதி. பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்தைச் சென்ற மாதம் அதில் பார்த்தோம். படம் வந்தது 1988இல். சாயம் போன சேலை மாதிரி இருந்தது. அதன் மூல நெகட்டிவ் போய்விட்டது என்று அவரே வருத்தப்பட்டுச் சொல்லியிருக்கிறார். இருக்கிற பிரதியை வைத்து ஆளாளுக்குப் போடுகிறார்கள். வாடகை வீட்டுப் பெண் ஒருத்தி தனக்கென்று ஒரு வீடு கட்டப் படுகிற பாடு, அவ்வளவுதான் கதை, பாட்டுக் கிடையாது. பாதி கட்டிய வீட்டுக்குத் தாத்தா சொக்கலிங்க பாகவதர் தனியாக வந்து சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாரே, அந்த இடத்தில் எனக்குப் படம் தெரியவில்லை. எங்கள் வீடு கட்டும்போது என் மாமனார் இப்படித்தான் தினமும் சாயங்காலம் வந்து பூசாத சுவரில் கையை வைத்துக்கொண்டு நிற்பார். செங்கல் சூடாக இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்பார். இந்தப் படத்தைப் பார்க்காமல் யாரும் காண்ட்ராக்டரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

ஆகவே, ஆசிரியர் அவர்களே, கேட்பது பெரிதில்லை. விமர்சனத்துக்கு அடியில் நெல்லை, தென்காசி, தூத்துக்குடி என்று எங்கெங்கே எத்தனை காட்சி என்று ஒரு வரி. அந்தப் படம் வீட்டுத் திரைக்கு வரும் வாரத்தில் எந்தச் செயலி என்று இன்னொரு வரி, கூடவே பெயரை ஆங்கிலத்தில் எழுதும் முறை. யாருக்கான படம் என்பதையும் போடுங்கள். தணிக்கைச் சான்றிதழில் யுஏ என்று மட்டும் இருந்ததை இப்போது 7 வயது, 13 வயது, 16 வயது என்று பிரித்துவிட்டார்களே, பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படம் பார்க்கிற எங்களுக்கு அது நட்சத்திரத்தைவிட முக்கியம். இடம் போதாது என்றால் கதைச் சுருக்கத்தை எடுத்துவிடுங்கள். கதை சொல்ல இங்கே ஆள் இருக்கிறது.

1990களில் நெல்லையில் ‘காஞ்சனை’ என்று ஒரு திரைப்பட இயக்கம் உலகப் படங்களைத் திரையிட்டது. என் தம்பி போவான், நான் போனதில்லை. அப்படி ஒன்று அம்பாசமுத்திரத்தில் மாதம் ஒரு முறை நடந்தால் பகல் காட்சியாக வையுங்கள், நாங்கள் ஏழு பேர் வருகிறோம், அப்பளமும் கொண்டு வருகிறோம்.

கடைசியாக ஒன்று. ‘ஏழாவது மனிதன்’ என்று 1982இல் வந்த படம். ரகுவரன் கதாநாயகனாக நடித்த முதல் படம் அது. சிமெண்ட் ஆலைப் புகையை எதிர்க்கிற கதை, பாட்டெல்லாம் பாரதியார் பாட்டு. தேசிய விருது வாங்கியதால் டிவியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டார்கள். அன்றைக்கு என் மகனுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரித் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் அத்தையிடம் கதை கேட்டேன். குழவியை வைத்துவிட்டு, “இதை நான் சொல்ல மாட்டேன், நீ பார்” என்றாள். எவ்வளவோ கெஞ்சியும் சொல்லவில்லை. அந்தப் படத்தை நல்ல பிரதியில் பார்த்த வாசகர்கள் யாராவது இருந்தால், எங்கே பார்த்தார்கள் என்பதை மட்டும் இதே பகுதிக்கு எழுத வேண்டுகிறேன். கதையைச் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
அப்பளக்கார வாசகி,
கல்லிடைக்குறிச்சி.